ஒரு வேலையும் இல்லாமல் பத்து நாள்

போன பிப்ரவரியில் நான் தனியாக கோஸ்டா ரிகா போய் பத்து நாள் இருந்துவிட்டு வந்த விஷயம் எங்கள் சொந்தக்காரர்கள் மத்தியில் இன்னும் ஆறவில்லை. மூணே கேள்விதான். தனியாவா? அவரையும் பையனையும் யார் பாத்துப்பா? அங்கே உனக்கு என்ன வேலை? முதல் ரெண்டைக்கூட மன்னித்துவிட்டார்கள். மூணாவதுக்கு "ஒரு வேலையும் இல்லை" என்று நான் சொன்னதுதான் பெரிய குற்றமாகிவிட்டது.

எங்க வீட்டுக்காரர் ஆபீஸ் வேலையாக நாலு மாசம் டெக்ஸாஸில் இருந்தார். அப்போ என்னை யார் பாத்துப்பா என்று ஒருத்தரும் கேக்கலை. மாமியார் பருப்புப்பொடி இடித்து, ரெண்டு ஜிப்லாக் பையில் போட்டு, பெருமையாக அனுப்பி வைத்தார். சம்பளத்துக்காக எத்தனை கடல் தாண்டினாலும் நமக்குச் சரி. சும்மா இருக்கத் தாண்டினால் மட்டும் அது திமிர்.

நம்மை மாதிரி வெளியூரில் குப்பை கொட்டுகிறவர்களின் லீவுக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். குர்காவ்னில் 14 வருஷமாக இருக்கிறோம். எனக்கு வருஷத்துக்கு 24 நாள் லீவு. மே மாசம் கும்பகோணத்துக்கு 12 போச்சு. கிரகப்பிரவேசம், வளைகாப்பு, காதுகுத்து என்று ஒரு ஆறு. பையனுக்குக் காய்ச்சல், பரீட்சை என்று மீதி ஆறு. இதில் என் லீவு எது? இந்தத் தடவை ஒரு சஷ்டியப்தபூர்த்திக்கும் ஒரு கல்யாணத்துக்கும் வரமாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, நாலு சனி ஞாயிறையும் சேர்த்து ஒட்டுப் போட்டேன்.

போனது டாமரிண்டோ. பசிபிக் கரையில் குவானகாஸ்தே மாகாணத்தில் இருக்கிற சின்ன ஊர். பேர் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? நம்ம புளிதான்! அரபிக்காரர்கள் புளியை 'இந்தியப் பேரீச்சை' என்ற அர்த்தத்தில் தமர் ஹிந்தி என்றார்கள். அது ஸ்பானிஷில் டாமரிண்டோ ஆனது. அங்கே புளித்தண்ணீரில் சர்க்கரை போட்டு ஐஸோடு தருகிறார்கள். இஞ்சியும் ஏலக்காயும் இருந்தால் பானகம் என்றே சொல்லிவிடலாம்.

சாப்பாட்டுக் கவலை வேண்டாம். சின்ன ஓட்டல்களுக்கு 'சோடா' என்று பேர், கோலி சோடா கேட்டு நிற்காதீர்கள். காலையில் காயோ பிந்தோ. அர்த்தம் புள்ளிச் சேவல் என்று தெரிந்ததும் பயந்தேன், ஆனால் சேவல் கிடையாது, சோறும் கறுப்பு பீன்ஸும் கலந்து வதக்கியது. மத்தியானம் கசாதோ: சோறு, பீன்ஸ், சாலட், வறுத்த நேந்திரம் மாதிரிப் பழம். கறி வேண்டாம் என்றால் முட்டையோ சீஸோ வைக்கிறார்கள். கசாதோ என்றால் கல்யாணமானவர். தனியாக வந்தவள் தினமும் அதைக் கேட்டு வாங்கித் தின்றேன் :-)

விடிவதற்கு முன்னால் ஹவ்லர் குரங்குகள் எழுப்பிவிடும், அலாரம் வேண்டாம். அப்புறம் அன்றைய நாளை நடத்துவது கடல்தான். அந்தப் பக்கம் ஏற்ற இறக்கம் ரெண்டரை மூணு மீட்டர் வரை போகும், அதனால் எப்போ அலைக்குப் போகலாம் என்பதற்குக் கடைகளில் டைம்டேபிள் ஒட்டியிருக்கும். தினமும் சுமார் 50 நிமிஷம் தள்ளித் தள்ளிப் போகும். இன்றைக்கு ஒன்பது மணி என்றால் நாளைக்குப் பத்தாகப் போகிறது. காலண்டரில் மீட்டிங் போட்டுப் பழகின புத்திக்கு முதல் ரெண்டு நாள் இது பிடிக்கவே இல்லை. மூணாம் நாள் வாட்சைக் கழற்றி வைத்தேன்.

சர்ஃபிங் கற்றுக்கொண்டேன் என்று பீற்ற மாட்டேன். ஸ்பாஞ்ச் பலகை, இடுப்பளவு தண்ணீர், உடைந்து வருகிற வெள்ளை நுரை, அவ்வளவுதான். கடைசி நாள் நாலு விநாடி நின்றேன். 42 வயசில் நாலு விநாடி போதும்.

ஊரைச் சொர்க்கம் என்றும் சொல்லவில்லை. 1994இல் 'தி எண்ட்லெஸ் சம்மர் 2' படத்தில் வந்த பிறகு பேர் பரவி, அமெரிக்கர்கள் குவிந்து, உள்ளூர்க்காரர்களே கிண்டலாக 'டாமகிரிங்கோ' என்கிறார்கள். விலையும் அமெரிக்க விலைதான். ஆனால் 1977 சட்டப்படி, அலை ஏறும் கோட்டிலிருந்து 50 மீட்டர் எல்லாருக்கும் பொது, எந்த ஓட்டலும் வேலி போட முடியாது. சாயங்காலம் சூரியன் விழும்போது ஓட்டல் முதலாளியும் தட்டு கழுவுகிறவரும் ஒரே மணலில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அம்மா கேட்டதற்கு வருகிறேன். "ஊருக்கு வர லீவு இல்லேங்கறே, அங்க போக மட்டும் இருந்துதா?" அம்மாவுக்கு 74 வயசு. இன்னும் எத்தனை மே மாசம் என்று நானும் எண்ணுகிறவள்தான். ஆனால் அந்த 12 நாளில் நான் அம்மாவோடு உட்கார்வது எவ்வளவு? பாங்க், ஆதார், கண் டாக்டர், பிளம்பர், வரிசையாக நாலு வீட்டு விருந்து. ராத்திரி அம்மா பேச ஆரம்பிக்கும்போது எனக்குத் தூக்கம் சொக்கும்.

டாமரிண்டோ நமக்குப் பதினொன்றரை மணி நேரம் பின்னால். அங்கே மாலை ஆறரை, கும்பகோணத்தில் மறுநாள் காலை ஆறு, அம்மா டிகாக்‌ஷன் இறக்கும் நேரம். தினமும் கூப்பிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை, மெயில் இல்லை, பையன் கத்தவில்லை. முதல் நாள் கோபம். ரெண்டாம் நாள் "முழுக்கை சட்டைதானே போட்டுண்டு இறங்கறே?" நாலாம் நாள் அம்மா, தான் பத்தாவது முடித்ததும் டைப்ரைட்டிங் கிளாஸுக்குப் போக ஆசைப்பட்டதையும், தாத்தா வேண்டாம் என்றதையும் முக்கால் மணி நேரம் சொன்னார். இத்தனை மே மாசங்களில் நான் கேட்டிராத கதை.

போக நினைக்கிற பெண்களுக்கு: செல்லுபடியாகும் பலமுறை நுழைவு அமெரிக்க விசா இருந்தால் நம் பாஸ்போர்ட்டுக்குத் தனி விசா கேட்பதில்லை, டிக்கெட் போடுமுன் விதியை இன்னொரு தடவை பாருங்கள். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை மழையில்லாத காலம். முகத்துவாரத்தில் முதலை உண்டு, நீந்திக் கடக்க வேண்டாம், படகு இருக்கிறது. கடல் உள்ளே இழுத்தால் கரையை நோக்கிப் போராடாமல் பக்கவாட்டில் நீந்துங்கள். மணலில் பையை வைத்துவிட்டு இறங்காதீர்கள். மாமியாரிடம் சொல்வதை மட்டும் வீட்டுக்காரரிடமே விட்டுவிடுங்கள்.