விமானியின் உறக்கம் யாருடைய உடைமை?

மட்டக்களப்பு வாவியை அண்டி ஒரு விமானத் தளம் உண்டு. 1958 ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்று, 1983 முதல் நெடுங்காலம் விமானப் படையின் வசமிருந்து, 2016 இல் பொதுமக்களின் பயணத்துக்காக அது மீளத் திறக்கப்பட்டது. எனினும் அங்கே வந்திறங்குவன சிறு விமானங்களே. பிழைப்புக்காகக் கடல் கடக்கும் எம்மவர்க்கு வான்வழியின் வாயில் இன்றும் கட்டுநாயக்காதான். மாலையிலே பேருந்தேறி, இரவெல்லாம் தரைவழி சென்று, மறுநாள் பொழுது விடியுமுன் வானேறுவோர் இவ்வாவிக் கரையூர்கள் தோறும் உளர்.

கட்டார் நாட்டுக்குச் செல்லும் என் பழைய மாணவன் ஒருவனை வழியனுப்ப ஒருநாள் பேருந்து நிலையம் சென்றிருந்தேன். பெட்டியை ஏற்றிவிட்டு அவன் சாரதியை நோக்கி, "அண்ணன், பகல்ல நல்லா நித்திரை கொண்டீங்களா?" என்று கேட்டான். சாரதி சிரித்தார். "கொண்டன் தம்பி. பயப்படாம ஏறுங்க" என்றார். வீடு திரும்பும் வழியெல்லாம் அக்கேள்வி என்னை விட்டகலவில்லை. பேருந்துச் சாரதியிடம் கேட்கத் துணிந்த அதனை, அதே இரவில் அவனைச் சுமந்து செல்லப்போகும் விமானியிடம் யார் கேட்பார்?

கேட்க வேண்டியது அரசு. அதற்காகவே பணிநேர விதிகள் எழுந்தன. இந்திய விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் 2024 ஜனவரியில் புதிய விதிகளை வெளியிட்டது. விமானிகளின் வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்ந்தது. இரவுப் பணியில் ஆறுவரை அனுமதிக்கப்பட்டிருந்த தரையிறக்கங்கள் இரண்டாகக் குறைந்தன. இவ்விதிகள் 2025 ஜூலையிலும் நவம்பரிலும் இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன. அடுத்து நேர்ந்ததை நாடறியும். உள்நாட்டுப் பயணிகளுள் பாதிக்கு மேற்பட்டோரை ஏற்றிச் செல்லும் இண்டிகோ நிறுவனம் போதிய விமானிகளை அணியப்படுத்தாமையால், அவ்வாண்டு டிசம்பரில் ஆயிரக்கணக்கான பறப்புகளை இரத்துச் செய்தது. மணமக்களும் நோயாளரும் தேர்வெழுதச் சென்றோரும் நிலையங்களிலே தவித்தனர். கூக்குரல் எழுந்தது. அரசு என்ன செய்தது? இரவுப் பணி வரம்புகளிலிருந்து அந்நிறுவனத்துக்கு 2026 பெப்ரவரி 10 வரை விலக்களித்தது.

தவித்தோரின் துயரை நான் எளிதாக எண்ணவில்லை. ஆனால் அத்துயருக்குக் காரணம் விதியா? விதி வெளியான நாளுக்கும் அது முழுமையாக நடைமுறைக்கு வந்த நாளுக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இருந்தன. ஆட்சேர்க்கவும் பயிற்றவும் அக்காலம் பயன்பட்டிருக்க வேண்டும். நிறுவனத்தின் குறையை விமானியின் உறக்கத்திலிருந்து ஈடுசெய்வது எவ்வாறு நீதியாகும்?

உறக்கக் குறைவு உள்ளத்தின் சோம்பலன்று, உடலின் நிலை. பதினேழு மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்தவரின் திறனுக்கு ஒப்பாகத் தாழ்வதை 1997 இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. அதிலும் இரவு இரண்டு மணி முதல் காலை ஆறு மணி வரை உடல் தானாகவே தளரும் வேளை. வளைகுடாப் பறப்புகளுட் பல அவ்வேளையிலேதான் நிகழ்கின்றன.

2010 மே 22 விடியற்காலையில் துபாயிலிருந்து மங்களூர் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைக் கடந்து பள்ளத்தில் வீழ்ந்தது. 158 பேர் மாண்டனர், எண்மர் பிழைத்தனர். தலைமை விமானி பறப்பின் பெரும்பகுதியில் உறங்கியிருந்தார் என்றும், உறக்கத்திலிருந்து எழுந்தவர்க்கு உண்டாகும் மந்தநிலை அவரது தீர்மானத்தைப் பாதித்திருக்கக்கூடும் என்றும் விசாரணை மன்றம் கண்டது. மீண்டும் மேலெழும்படி உதவி விமானி எச்சரித்தும் அவர் இறங்கவே முற்பட்டார். அவ்விமானத்திலிருந்தோருட் பலர் எம்மவரைப் போலவே வளைகுடா நாடுகளில் உழைத்து ஊர் திரும்பியவர்கள்.

உறக்கத்துக்கு நேரம் மட்டும் போதுமா? இடமும் வேண்டும். அமெரிக்காவில் 2009 பெப்ரவரியில் பஃபலோ நகரருகே கோல்கன் ஏர் விமானம் வீழ்ந்து ஐம்பதின்மர் இறந்தனர். உதவி விமானி முந்திய இரவு நாட்டின் மேற்குக் கோடியிலிருந்து விமானங்களில் பயணஞ்செய்து பணிக்கு வந்தவர். தலைமை விமானி பணியாளர் ஓய்வறையிலே இரவைக் கழித்தவர். களைப்பு இருவரையும் பாதித்திருக்கலாம், எந்த அளவுக்கு என்று வரையறுக்க இயலாது என்றது விசாரணைக் குழு. அந்த விபத்துக்குப் பின் எழுந்து, 2014 இல் நடைமுறைக்கு வந்த விதி, பணிக்குமுன் பத்து மணி நேர ஓய்வும் அதனுள் எட்டு மணி நேரம் இடையறாது உறங்கும் வாய்ப்பும் வேண்டும் என்றது.

இவ்விரண்டாவது எண்ணே என் கவனத்தைக் கவர்கிறது. ஏட்டிலே பத்து மணி நேரம் என்று எழுதிவிடுதல் எளிது. வாகனத்துக்குக் காத்திருத்தல், நெரிசலில் விடுதி சேர்தல், அறை ஆயத்தமாகும்வரை முன்கூடத்தில் அமர்ந்திருத்தல், உண்ணல், குளித்தல், மீண்டும் புறப்படல் எல்லாம் அப்பத்துக்குள்ளேதான் அடங்க வேண்டும். பகலிலே உறங்க வேண்டியவர்க்கு ஒளி புகாத திரை வேண்டும். அடுத்த மண்டபத்திலே திருமண மேளம் முழங்கலாகாது. செலவைச் சுருக்கத் தொலைவிலோ இரைச்சலிலோ அறை பிடிக்கும் நிறுவனம், ஏட்டின் கணக்கு பிழையாமலே உறக்கத்தைக் களவாடிவிடலாம். இயந்திரத்தைப் பேணும் கூடம் போலவே விடுதியறையும் விமானப் பாதுகாப்பின் ஓர் உறுப்பு. அதனைச் சலுகை என்று கருதுவோர், சில்லைக் கழற்றிவிட்டு வண்டியின் பாரம் குறைந்தது என்று மகிழ்வோரை ஒப்பர்.

இலங்கைக்கும் இதில் பாடமுண்டு. 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் இந்நாட்டு விமானிகள் பலர் வெளிநாட்டு நிறுவனங்களை நாடிச் சென்றனர். ஆட்கள் குறையுமிடத்து, எஞ்சியோரின் ஓய்வை விதியின் விளிம்புவரை குறுக்கும் ஆசை எந்நாட்டிலும் எழும். அதனைத் தடுக்க வல்லது உறுதியான அரசு மட்டுமன்று. பொறுமையுள்ள பயணியும் வேண்டும். டிசம்பரிலே விலக்கை ஈட்டித் தந்தது நிறுவனத்தின் செல்வாக்கு மட்டுமா? பயணிகளின் சினமும் அதற்குத் துணை நின்றதன்றோ?

என் மாணவன் கட்டாரிலிருந்து அழைத்தபோது, பறப்பு மூன்று மணி நேரம் பிந்தியது என்று குறைப்பட்டான். விமானிகளின் ஓய்வு நேரம் முடியவில்லை என்று காரணம் சொன்னார்களாம். "அன்று சாரதியிடம் நீ கேட்டாயல்லவா? அதற்கு விமானி தந்த விடை என்று எண்ணிக்கொள்" என்றேன். சற்றுநேரம் மௌனமாக இருந்து, "அப்ப சரி, சேர்" என்றான்.