கங்கையின் மகத்துவமும் கிருமித்தின்னியும்

கங்கைக்கு மகத்துவம் உண்டென்று இதுவரை புராணத்தைக் காட்டிச் சொல்லி வந்த வைதீகர்கள், இப்பொழுது புராணத்தைச் சற்று மடித்து வைத்துவிட்டு விஞ்ஞானத்தைக் காட்ட ஆரம்பித்திருக்கிறார்கள். கங்கை ஜலத்தில் 'பாக்டீரியோபேஜ்' என்னும் கிருமித்தின்னிகள் இருக்கின்றனவாம். அவை நோய்க் கிருமிகளைக் கொன்றுவிடுமாம். ஆகையால் அது புண்ணிய தீர்த்தமென்பது விஞ்ஞானப்படியே ருசுவாகிவிட்டதாம். விஞ்ஞானத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியவர்கள் அவர்களே. ஆகவே அந்தச் சாட்சியை நாம் குறுக்கு விசாரணை செய்வதில் அவர்களுக்கு ஆட்சேபணை இருக்க நியாயமில்லை.

1896-ல் ஆக்ராவில் கிருமிப் பரிசோதகராயிருந்த ஹாங்கின் என்னும் ஆங்கிலேயர், கங்கை ஜலத்தில் விட்ட காலராக் கிருமிகள் சில மணி நேரத்தில் சாகின்றன என்று எழுதினார். வைதீகர்கள் தூக்கிப் பிடிப்பது இதைத்தான். ஆனால் அவர் யமுனை ஜலத்துக்கும் அதே குணத்தைச் சொன்னார் என்பதை இவர்கள் சொல்லுவதில்லை. இன்னும், அவர் கண்ட குணம் பேஜ்களுடையதாக இருக்க முடியாதென்று 2011-ல் சில ஆராய்ச்சிக்காரர்கள் அவருடைய கட்டுரையையே எடுத்து வைத்துக்கொண்டு வாதித்திருக்கிறார்கள். 115 வருஷத்துக்கு முன் எழுதியதையும் திரும்பப் புரட்டிப் பார்த்துச் சந்தேகிப்பது விஞ்ஞானம்; சந்தேகிக்கிறவனை நரகத்துக்கு அனுப்புவது சாஸ்திரம்.

நிற்க, பேஜை முதன் முதலில் கண்டுபிடித்தவர்கள் யார்? 1915-ல் லண்டனில் ட்வார்ட். 1917-ல் பாரிசில் டெரெல். டெரெல் அதை எங்கே கண்டார்? புண்ணிய தீர்த்தத்திலா? இல்லை, சீதபேதி நோயாளிகளின் மலத்திலே கண்டார்! அது ஏன் அங்கே இருந்தது என்பதை அறிய வேண்டுமானால், அது எப்படிக் குட்டி போடுகிறது என்பதை அறிய வேண்டும்.

பேஜ் என்பது ஒரு வைரஸ். அது தானாக உண்பதில்லை, தானாக வளர்வதில்லை, தனியே கிடந்தால் ஒன்று இரண்டாவதுமில்லை. அது பெருகுவதற்கு உயிருள்ள ஒரு கிருமி வேண்டும். அதுவும் தனக்கு ஏற்ற ஜாதிக் கிருமிதான் வேண்டும். நம் குடலிலுள்ள ஈ. கோலை என்னும் கிருமியைத் தாக்கும் டி-4 என்ற பேஜை எடுத்துக்கொள்ளுவோம். அதற்குத் தலையும் வாலும், வால் நுனியில் கால்கள் போன்ற நார்களும் உண்டு. அந்த நார்களால் கிருமியின் மேல் ஒட்டி, வாலைச் சுருக்கி, தலைக்குள்ளிருக்கும் டி.என்.ஏ. என்னும் பரம்பரைப் பொருளை உள்ளே செலுத்துகிறது. கூடு வெளியிலேயே நின்றுவிடுகிறது. இதை 1952-ல் ஹெர்ஷியும் சேஸும், டி-2 என்ற பேஜை வைத்து, சமையலறை மிக்ஸி போன்ற ஓர் இயந்திரத்தால் கூடுகளை உதறித் தள்ளிக் காட்டினார்கள்.

உள்ளே போன டி.என்.ஏ. செய்வதென்ன? கிருமியின் சொந்த டி.என்.ஏ.வைச் சிதைத்துவிட்டு, அந்தக் கிருமியின் பட்டறையையும் சரக்கையும் கொண்டே தலைகள், வால்கள், நார்கள் எல்லாவற்றையும் செய்விக்கிறது. அவை ஒன்று சேர்ந்து முழுப் பேஜ்களாகின்றன. கடைசியில் கிருமியின் சுவர் கரைந்து உடைய, உள்ளே போன ஒன்றுக்குப் பதில் நூறு, நூற்றைம்பது வெளியே வருகின்றன. இவ்வளவும் சுமார் அரைமணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. இதில் மந்திரமுமில்லை, மகிமையுமில்லை.

இப்பொழுது தோழர்களே யோசியுங்கள். கிருமியில்லாத இடத்தில் பேஜ் பெருகாது. ஆகவே ஓர் ஆற்றில் குடல் கிருமிகளின் பேஜ்கள் ஏராளமாயிருந்தால், அந்த ஆற்றில் மலம் ஏராளமாய்க் கலக்கிறது என்பதல்லவா அர்த்தம்? தண்ணீரைச் சோதிக்கிறவர்கள் இந்தப் பேஜ்களை எண்ணிப் பார்ப்பதே மலம் கலந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்கத்தான். அசுத்தத்துக்குச் சாட்சி சொல்ல வந்தவனைப் புண்ணியத்துக்குச் சாட்சியாக இழுத்து வருவது என்ன யோக்கியதை?

2025 பிப்ரவரியில் பிரயாக்ராஜ் கும்பமேளாவின்போது, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பசுமைத் தீர்ப்பாயத்துக்குக் கொடுத்த அறிக்கையில், ஜலம் பல சமயங்களில் குளிக்கும் தரத்திலேயே இல்லையென்று சொல்லியிருந்தது. பிறகு அதே வாரியம் புள்ளிக் கணக்குப் போட்டு, குளிக்கத் தக்கதுதான் என்று மற்றோர் அறிக்கையும் கொடுத்தது. அந்தச் சமயத்திலேதான் இந்தப் பேஜ் மகாத்மியமும் நாடெங்கும் பாடப்பட்டது. சாக்கடையைத் தடுக்க வேண்டிய பொறுப்பைப் பேஜின் தலையில் கட்டிவிட்டால் யாருக்கு லாபம் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு சங்கதி. எல்லாப் பேஜும் உடனே கொல்லுவதில்லை. சில, கிருமியின் பரம்பரைப் பொருளோடு தம்முடையதைக் கலந்துவிட்டு, தலைமுறை தலைமுறையாகச் சத்தமின்றிக் கூடவே வரும். காலராக் கிருமி அப்படிப்பட்ட ஒரு பேஜைச் சுமந்துகொண்டிருக்கிறது. மனிதனை வாந்திபேதியால் வற்ற அடித்துக் கொல்லும் அந்த விஷத்துக்கான விதை, கிருமிக்குச் சொந்தமானதல்ல. அந்தப் பேஜ் கொண்டுவந்து கொடுத்தது என்பதை 1996-ல் வால்டர், மெக்கலானோஸ் என்ற இருவர் வெளியிட்டார்கள். காலராவைக் கொல்லும் தெய்வீகப் பொருளென்று பேஜைக் கும்பிடச் சொல்லுகிறவர்கள், காலராவுக்கு விஷப் பல் கொடுத்ததும் ஒரு பேஜ்தான் என்பதற்கு என்ன சமாதானம் சொல்லுவார்கள்?

பேஜால் மனிதனுக்கு உபயோகமே இல்லையென்று நாம் சொல்லவில்லை. ஜார்ஜியா நாட்டில் திபிலீசி நகரில் 1923-ல் எலியாவா தொடங்கிய ஸ்தாபனம், பேஜ்களைக் கொண்டு வைத்தியம் செய்வதில் பேர்போனது. அங்கே இன்ன கிருமிக்கு இன்ன பேஜ் என்று சோதித்து, சுத்தம் செய்து கொடுக்கிறார்கள். அது அறிவின் வேலை. ஆற்றில் முழுகிவிட்டுப் பேஜ் பார்த்துக்கொள்ளும் என்றிருப்பது அறிவின் வேலையல்ல.

எந்த ஊரிலும் காலரா வந்தபோது காளிக்குப் பொங்கல் வைத்தும் நின்றதில்லை. தீர்த்தம் குடித்தும் நின்றதில்லை. குடிநீரும் மலநீரும் பிரிந்த ஊரில் நின்றது. தண்ணீரைக் காய்ச்சிக் குடித்த வீட்டில் நின்றது. ஆகவே தோழர்களே, உங்கள் வீட்டுக்குக் கங்கை ஜலச் செம்பு வந்தால், கொண்டுவந்தவரிடம் புராணமும் கேட்க வேண்டாம், பேஜும் கேட்க வேண்டாம். இதற்குள் பேஜ் இருக்கிறதென்றால், அதைத் தின்னக் கொடுத்து வளர்த்த கிருமி எங்கிருந்து வந்தது என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள். பதில் வருகிறவரை, அடுப்பில் கொதிக்கும் தண்ணீரே உங்களுக்குத் தீர்த்தம்.