எடை தூக்கலாம், வாருங்கள்!

“விடியற்காலம் ஐந்து மணிக்கு எழுந்திருக்கிறேன். ராத்திரி பத்து மணிக்குத்தான் படுக்கிறேன். நடுவில் உட்காரக்கூட நேரமில்லை. எனக்கு எதற்குத் தேகப் பயிற்சி?” இப்படிக் கேட்காத குடும்பத் தலைவி கிடையாது. எங்கள் தெருவில் இந்தப் பேச்சை எடுத்தால் மதினிமார்கள் சண்டைக்கே வந்துவிடுவார்கள். “ஏத்தா, அப்ப நாங்க வீட்ல சும்மாவா இருக்கோம்?” என்பார்கள்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் சகோதரிகளே, களைப்பு வேறு, பலம் வேறு. பாத்திரம் துலக்கி, துணி மடித்து, குழந்தைக்குப் பின்னால் ஓடினால் களைப்பு வரும். கை கால் பலப்பட வேண்டுமென்றால் தசைக்கு அது சாதாரணமாகச் சுமப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலான வேலை கொடுக்க வேண்டும். எங்கள் அப்பத்தா காலத்தில் உரல், உலக்கை, திருகை, கிணற்று ராட்டினம் எல்லாம் அந்த வேலையைக் கொடுத்தன. இன்று மாவை கிரைண்டர் அரைக்கிறது, தண்ணீரை மோட்டார் ஏற்றுகிறது. நல்லதுதான், யாரும் உரலுக்குத் திரும்பிப் போக வேண்டாம். ஆனால் உரல் கொடுத்த பலத்தை வேறு வழியில் தேடிக்கொள்ளத்தானே வேண்டும்?

முப்பது வயதைத் தாண்டினால் தசை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய ஆரம்பிக்கிறது. பத்து வருஷத்துக்கு நூற்றுக்கு மூன்றிலிருந்து எட்டு பங்கு வரை போய்விடும் என்கிறார்கள் மருத்துவர்கள். மாதவிலக்கு நின்ற பிறகு எலும்பும் சீக்கிரம் தேய்கிறது. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும்? குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பெரியம்மாக்களை எல்லாருக்கும் தெரியும். விழுந்தபின் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதைவிட, விழாமல் இருக்க இன்றே கால்களைப் பலப்படுத்துவது மேல் அல்லவா?

சுமை தூக்கியவர்களுக்கு என்ன ஆயிற்று?

“மலையில சுமை தூக்குறவுகளப் பாரு, அவுகளுக்கு என்ன குறை?” என்றும் கேட்பார்கள். குரங்கணியில் இருந்துகொண்டு நான் அதைப் பார்க்காமல் இருக்க முடியுமா? என் அம்மாவே இளவயதில் இந்தச் சரிவுகளில் விறகுக் கட்டும் ஏலக்காய்ச் சாக்கும் சுமந்தவர்தான். பாரத்தோடு அவர் இறங்கி வருகிற வேகத்துக்கு எங்களால் வெறுங்கையோடு ஈடுகொடுக்க முடியாது. மலை வேலையை விட்டுப் பதினைந்து வருஷமாகிறது. இப்போது எழுபத்திரண்டு வயது. போன வருஷம் தரையில் உட்கார்ந்தால் இரண்டு பேர் கை கொடுத்துத்தான் எழுப்ப வேண்டியிருந்தது. பலம் என்பது போஸ்டாபீஸில் போட்டு வைத்த பணம் போல இல்லை. எடுக்காமல் வைத்தால் வட்டி சேராது, முதலே கரைந்து போகும்.

இன்னொன்றும் உண்டு. சுமை வேலையில் எடையைத் தீர்மானிப்பது தூக்குகிறவள் இல்லை. காய்ச்சல் அடித்தாலும் அதே சாக்கு, பிள்ளை பெற்ற உடம்பானாலும் அதே சாக்கு. எனக்குத் தெரிந்த ஒரு அக்கா பிரசவமாகி ஒரு மாதம் முடியுமுன்பே கூலிக்காக மேலே ஏறினார். கர்ப்பப்பை இறங்கி, பத்து வருஷம் வெளியில் சொல்ல வெட்கப்பட்டு அவஸ்தைப்பட்டார். பிள்ளை பெற்றதும் பாரம் சுமந்தால் இந்தக் கோளாறு வருவதற்கு இடமுண்டு என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். இதற்கு நேர்மாறாகப் போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் பெண்கள் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்தே இருக்கிறார்கள். விரல் மட்டும் ஓடும், இடுப்பும் தொடையும் மரத்துப் போகும்.

பயிற்சி என்பது இந்த இரண்டுமில்லை. நம் சக்திக்கு ஏற்ற எடை, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது, நடுவே ஓய்வு. தசை வளர்வது தூக்கும்போது இல்லை, அதன்பின் சாப்பிட்டு ஓய்வெடுக்கும்போதுதான். சுமை வேலைக்கும் பயிற்சிக்கும் உள்ள வித்தியாசமே இதுதான்.

கர்லாவும் இளவட்டக்கல்லும்

எடை தூக்குவது ஆண்பிள்ளை சமாசாரம் என்று ஒரு அபிப்பிராயம் இருக்கிறது. தென் மாவட்டக் கிராமங்களில் இளவட்டக்கல்லைப் பார்த்திருப்பீர்கள். உருண்டைக் கல். குத்தவைத்து அணைத்து, முழங்காலுக்கு ஏற்றி, நெஞ்சுக்குக் கொண்டுவந்து, தோள் வழியாகப் பின்னால் போட வேண்டும். அந்தக் காலத்தில் இதைத் தூக்கினால்தான் பெண் கொடுப்பார்களாம். அதனால் கல்யாணக்கல் என்றும் பெயர். அதே கல்லைத் திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் பொங்கல் சமயத்தில் பெண்களும் போட்டி போட்டுத் தூக்குகிறார்கள். அவர்களுக்கு 55 கிலோ கல்!

கர்லாக்கட்டையும் நம்முடையதுதான். கைக்கர்லா, புஜக்கர்லா என்று அதில் பல தினுசு உண்டு. இந்தியாவில் சிப்பாய்கள் சுழற்றுவதைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் சீமைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பெண்களும் அதைச் சுழற்றினார்கள். 1904-லும் 1932-லும் ஒலிம்பிக்கில் கட்டை சுழற்றுவது ஒரு போட்டியாகவே நடந்தது.

நம் பெண்கள் இதில் குறைந்தவர்களா? ஒலிம்பிக்கில் பெண்களுக்கு எடை தூக்கும் போட்டி முதன்முதலாக நடந்தது 2000-ஆம் ஆண்டு சிட்னியில். அந்த முதல் தடவையே நம் கர்ணம் மல்லேஸ்வரி மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவரே. மணிப்பூர் மீராபாய் சானு 2021-இல் டோக்கியோவில் 202 கிலோ தூக்கி வெள்ளி வென்றார். சிறுவயதில் அண்ணனால் தூக்க முடியாத விறகுக் கட்டைச் சுமந்து வந்த பெண் அவர். விறகு சுமந்தவர்கள் ஆயிரம் பேர். அளவாக எடை கூட்டி, சாப்பாடும் ஓய்வும் கொடுத்துப் பழக்க ஆள் கிடைத்ததால்தான் அவர் மேடை ஏறினார்.

வயது ஆகிவிட்டதே என்கிறீர்களா? 2024-இல் கோவையில் நடந்த வலுதூக்கும் போட்டியில் பொள்ளாச்சிப் பக்கத்துக் கிட்டம்மாள் 50 கிலோ தூக்கினார். அப்போது அவருக்கு வயது 82. பழக்கியது பேரப்பிள்ளைகள்! 1990-இல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். காலின் பலம் சராசரியாக ஒன்றரை மடங்குக்கு மேல் கூடியதாம்.

“கை எல்லாம் ஆம்பிளை மாதிரி முறுக்கிக்காதா?” என்று இளம்பெண்கள் பயப்படுகிறார்கள். அப்படி முறுக்கேறுவதற்கான சுரப்பு நீர் பெண்களுக்குப் பல மடங்கு குறைவு. வாரம் இரண்டு நாள் பயிற்சியில் கை பருத்துவிடாது, உறுதிப்படும்.

வீட்டிலேயே செய்வது எப்படி?

என் தங்கை மகள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. கோயில் திருவிழாவுக்கு வந்திருந்தபோது, “பெரியம்மா, ஒரு பைசா செலவில்லாம சொல்லித் தாரேன்” என்று ஆரம்பித்தாள். அவள் சொன்னபடி நான் செய்து வருவதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒரு கிலோ. அதே பாட்டிலில் காய்ந்த மணல் நிரப்பினால் ஏறக்குறைய ஒன்றரை கிலோ. ஐந்து கிலோ அரிசிப் பை, பழைய துணிப்பையில் மணலைக் கட்டி இறுக்கித் தைத்த மூட்டை, இவை போதும். கடையில் டம்பெல் வாங்கினாலும் சரி. கைப்பிடி வைத்த இரும்புக் குண்டை ‘கெட்டில்பெல்’ என்கிறார்கள். ரஷ்யாவில் தானியம் நிறுத்த எடைக்கல்லிலிருந்து வந்ததாம் அது. நம் பலசரக்குக் கடைப் படிக்கல்லுக்குக் கைப்பிடி வைத்தால் எப்படியோ அப்படி!

1. உட்கார்ந்து எழுதல்: சுவரோரம் கெட்டியான நாற்காலி போடுங்கள். கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுங்கள். சுலபமானதும் நெஞ்சோடு ஒரு மணல் பாட்டிலை அணைத்துக்கொள்ளுங்கள்.

2. தரையிலிருந்து தூக்குதல்: பையைக் காலுக்கு நடுவே வையுங்கள். முதுகை வளைக்காமல், பின்பக்கத்தைப் பின்னுக்குத் தள்ளி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக் குனிந்து, பையை உடம்பை ஒட்டியே தூக்கி நிமிருங்கள். குழந்தையைத் தூக்குவதும் இப்படித்தான் இருக்க வேண்டும்.

3. சுவரைத் தள்ளுதல்: சுவரில் கை ஊன்றிச் சாய்ந்து, முழங்கையை மடக்கி நீட்டுங்கள். பழகியபின் சுவருக்குப் பதில் திண்ணை விளிம்பு.

4. இழுத்தல்: ஒரு கையை மேஜையில் ஊன்றிக் குனிந்து, மறுகையால் பையைக் கிணற்றில் தண்ணீர் சேந்துவது போல விலாப் பக்கம் இழுங்கள்.

5. தலைக்கு மேல் ஏற்றுதல்: தோளருகே இரண்டு பாட்டில்கள். மேலே நீட்டி, மெல்ல இறக்குங்கள்.

6. சுமந்து நடத்தல்: இரண்டு கையிலும் சம எடை. தோளை இறக்கி, நிமிர்ந்து முப்பது அடி நடங்கள்.

நடப்பதைத் தவிர ஒவ்வொன்றையும் 8 முதல் 12 தடவை செய்யுங்கள். ஒரு நிமிஷம் ஓய்வு, மறுபடி ஒரு சுற்று. கடைசி இரண்டு தடவை கொஞ்சம் சிரமமாக இருந்தால் எடை சரி. இரண்டு நாள் தொடர்ந்து 12 தடவை சுலபமாக வந்தால் அரைக் கிலோ கூட்டுங்கள். வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், நடுவே ஒரு நாளாவது இடைவெளி. வாரம் இரண்டு நாளாவது தசைப் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. எல்லாம் சேர்ந்து அரைமணி நேரம் ஆகாது. உலை கொதிக்கும் நேரத்தில் ஒரு சுற்றை முடித்துவிடலாம்!

கர்லா சுழற்ற ஆசையிருந்தால் ஒரு கிலோவுக்குள் ஆரம்பியுங்கள். தெரிந்தவர்களிடம் கற்ற பிறகே வேகம் பிடிக்கலாம். பக்கத்தில் குழந்தைகள் நிற்கக் கூடாது.

சாப்பாடு

தசைக்குப் புரதம் வேண்டும். ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் என்பது ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லும் கணக்கு. 55 கிலோ எடையுள்ளவருக்குச் சுமார் 46 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு தம்ளர் பாலிலும் ஏறக்குறைய அவ்வளவே. நூறு கிராம் பாசிப்பயறிலோ கொள்ளிலோ 20 கிராமுக்கு மேல். நம் பக்கத்து மொச்சைக் குழம்பும் தட்டைப்பயறுச் சுண்டலும் இளக்காரமானவை அல்ல. எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து தரக் கேப்பையும் உண்டு. பிள்ளைகளுக்கும் அவருக்கும் வைத்தது போக மிச்சத்தைச் சாப்பிடுவது என்ற வழக்கம் மட்டும் மாற வேண்டும்.

ஜாக்கிரதை!

தூக்கும்போது மூச்சை அடக்காதீர்கள், வெளியே விடுங்கள். மூச்சை அடக்கினால் அடிவயிற்றுக்கு அழுத்தம் அதிகம், ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கும் ஆகாது.

பிரசவமானவர்கள் ஆறு வாரம் கழித்து டாக்டரம்மாவிடம் காட்டிய பிறகே எடையைத் தொட வேண்டும். சிசேரியன் ஆனவர்களுக்கு இன்னும் தாமதமாகலாம். அதுவரை, சிறுநீரை அடக்குவது போல அடித்தசையை ஐந்து விநாடி இறுக்கி விடும் பயிற்சி உண்டே, அதை டாக்டரம்மாவைக் கேட்டுக்கொண்டு செய்யலாம். படுத்துக்கொண்டே பத்துத் தடவை செய்தால் போதும். கர்ப்பிணிகள், கர்ப்பப்பை இறக்கம், குடலிறக்கம், இருதயக் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் ஆரம்பிக்கக் கூடாது. சதை வலிப்பது இரண்டு நாளில் போய்விடும். மூட்டில் சுருக்கென்று குத்தினால் நிறுத்துங்கள்.

நிறைந்த காஸ் சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ. அதில் பயிற்சி வேண்டவே வேண்டாம்!

ஒரு சின்னப் பரீட்சை

நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை நெஞ்சின் குறுக்கே கட்டிக்கொண்டு, அரை நிமிஷத்தில் எத்தனை தடவை முழுசாக எழுந்து நிற்கிறீர்கள் என்று எண்ணுங்கள். 60-லிருந்து 64 வயது வரையுள்ள பெண்ணுக்கு 12-க்குக் கீழே வந்தால் கால் பலம் குறைவு என்று அர்த்தம். உங்களுக்கு நாற்பதுதான் என்றால் எவ்வளவு வரவேண்டும், நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

டாக்டரைக் கேட்டுவிட்டு என் அம்மாவை முதல் தடவை எழச் சொன்னபோது கையை ஊன்றித்தான் எழுந்தார், அதுவும் மூன்று முறை. “போத்தா, இனி எனக்கு எதுக்கு இதெல்லாம்?” என்றார். ஆனாலும் விடாமல் நாற்காலிப் பயிற்சியும் சுவர்ப் பயிற்சியும் செய்ய வைத்தேன். நாலு மாதத்தில் கை ஊன்றாமல் எட்டு. தரையிலிருந்து எழ இப்போதும் ஒரு கை பிடிக்கிறார். ஆனால் பிடிப்பது கட்டில் சட்டத்தைத்தான், எங்களை இல்லை. குளியலறைக்குத் தனியே போய் வருகிறார்.

அவர் எழுபத்திரண்டில் ஆரம்பித்ததை நீங்கள் முப்பதில் ஆரம்பிக்கலாம். இன்றைக்கே வீட்டில் எல்லாரையும் எழுந்து உட்காரச் சொல்லி, எண்ணிக்கையைக் காலண்டரில் குறித்து வையுங்கள். மாமியாரையும் விட்டுவிடாதீர்கள். எட்டு வாரம் கழித்து மறுபடி எண்ணிப் பார்த்து, எத்தனை கூடியது என்று எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.