திரியைத் தாழ்த்துங்கள்



2017 நவம்பர் 30ஆம் நாள் ஒக்கிப் புயல் நம் குமரி மாவட்டத்தைச் சூறையாடியதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அருமனைப் பகுதியில் ரப்பர் மரங்கள் வேரோடு சாய்ந்தன, மின்கம்பங்கள் முறிந்தன, நாட்கணக்கில் இருள். அந்நாட்களில் ஒரு மாணவன் கைப்பேசியும் கையுமாய் நம்மிடம் வந்தான். அவனுடைய மாமன் கடலுக்குச் சென்றிருந்தார்.

"திரையில் கறுப்புப் படம் வைத்திருக்கிறேன், சுவாமி. சார்ஜ் எளிதில் தீராது" என்றான். மறுநாள் விடியுமுன்னே அது அணைந்துவிட்டது. மாமன் கரைசேர்ந்த நற்செய்தி அயல்வீட்டுக் கைப்பேசி வழியாகவே அவ்வீட்டை எட்டியது.

அவன் எண்ணம் எங்கே தவறியது? அவனுடையது எல்.சி.டி. எனப்படும் திரவப் படிகத் திரை. திரவப் படிகங்கள் தாமாக ஒளி தருவதில்லை. திரைக்குப் பின்னே ஒரு விளக்கு எரிகிறது. படிகங்களோ அதன் ஒளியை விடவும் தடுக்கவும் செய்யும் சன்னற் கதவுகளே. கறுப்புப் படம் என்றால் கதவுகள் அடைபட்டன என்று பொருள். உள்ளே விளக்கு அணைந்தது என்று பொருளன்று! வெண்மையான படத்திலுங்கூட, அவ்விளக்கொளியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவே பெரும்பாலும் நம் கண்ணை எட்டுகிறது. எஞ்சியது வடிகட்டும் தகடுகளிலேயே மடிகிறது.

ஆகவே மின்சாரம் மிஞ்ச வேண்டுமாயின் பின்விளக்கையே தாழ்த்த வேண்டும். காட்சி இருண்டிருக்கும்போது விளக்கைத் தானே தாழ்த்தி, அதற்கு ஈடாகக் கதவுகளை அகலத் திறந்துகொள்ளும் கருவிகளும் உண்டு. படம் ஏறக்குறைய முன்போலவே தெரியும். செலவு மட்டும் குறையும். ஓ.எல்.இ.டி. திரைகளின் நிலை வேறு. அங்கே ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால், கறுப்பு உண்மையாகவே சிக்கனந்தான்.

மண்ணெண்ணெயை அளந்து வாங்கிய காலத்தில், "மக்ளே, படிச்சு முடிச்சாச்சுன்னா திரியைத் தாழ்த்து" என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். விளக்கை மூடி மறைத்தால் எண்ணெய் மிஞ்சாது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

இன்றிரவே உங்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டு, கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் ஒளியைத் தாழ்த்தும் இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். கண்ணுக்குப் போதுமான அளவு ஒளி போதும். இது கருமித்தனமன்று. மீண்டும் ஒரு புயல் வந்தால், அவ்வாறு மிஞ்சியதைக்கொண்டே கடலிலிருக்கும் ஒருவரின் குரலை நாம் கேட்கக்கூடும்.