மெல்ல ஓடுவதே பயிற்சி

சென்னை மெரினாவில் விடியற்காலை ஐந்து மணிக்குப் போய் நிற்பவர், கலங்கரை விளக்கத்துக்கும் உழைப்பாளர் சிலைக்கும் இடையே ஓடுகிற ஆண்களையும் பெண்களையும், அவர்களில் பலர் ஐம்பது பிராயத்தைக் கடந்தவர்களாயிருப்பதையும் கண்டு மகிழாமல் இருக்க முடியாது. ஜனவரியில் நடக்கும் மராத்தான் விழாவை உத்தேசித்து, முழுத் தூரத்தில் பாதியாகிய 21.0975 கிலோமீட்டரை ஓடி முடிப்பதென்று சங்கற்பம் செய்துகொண்டவர்கள் அவர்களுள் அநேகர். அவர்களுடைய சிரத்தையில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர்கள் ஓடுகிற வேகம்தான் கவலை தருகிறது. பந்தயத்தன்று காட்ட வேண்டிய வேகத்தை அவர்கள் தினந்தோறும் காட்டிவிடுகிறார்கள்.

நானும் அவ்வாறு ஓடியவன். நாற்பத்தாறாம் வயதில் இந்த அப்பியாசத்தைத் தொடங்கியபோது, நேற்றைக்காட்டிலும் இன்று ஒரு நிமிஷமாவது குறைய வேண்டும் என்ற வைராக்கியத்தோடு கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஓடி, ஏழாவது வாரத்தில் முழங்காலின் வெளிப்புறத்தில் எழுந்த வலியினால், இரண்டு மாத காலம் மாடிப்படி இறங்குவதற்குக்கூடக் கைப்பிடியைப் பற்ற வேண்டியவனானேன். காரணம் பின்னால்தான் விளங்கிற்று. இருதயமும் சுவாசமும் சில வாரங்களிலேயே ஓட்டத்துக்குப் பழகிவிடுகின்றன. தசையை எலும்போடு பிணைக்கும் நாண்களும் எலும்புகளும் உறுதிப்படுவதற்கோ மாதக்கணக்காகிறது. மூச்சு இடங்கொடுக்கிறதே என்று நான் காலை விரட்டியிருந்தேன்.

நியூஸிலாந்தின் ஆக்லாந்து நகரத்தில் பாதரட்சைத் தொழிற்சாலையொன்றில் வேலை பார்த்த ஆர்தர் லிடியார்ட் என்பவர், தம்முடைய சரீரத்தையே பரிசோதனைச் சாலையாக்கிப் பல வருஷங்கள் ஓடிப் பார்த்து, நெடுந்தூரம் ஓடிச் சேர்க்கும் பலமே விரைவுக்கும் அஸ்திவாரம் என்று கண்டார். 800 மீட்டர் மாத்திரமே ஓட வேண்டிய பீட்டர் ஸ்னெல்லையும் ஞாயிற்றுக்கிழமைகளில் 22 மைல் மலைப்பாதையில் ஓடவைத்தார். 1960-ஆம் ஆண்டு ரோமாபுரி ஒலிம்பிக்கில் அதே ஸ்னெல் 800 மீட்டரிலும், அன்றைக்கே ஒரு மணி நேரத்துக்குள் மற்றொரு சீடரான முர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் தங்கப் பதக்கம் பெற்றார்கள். ஆனால் அந்தப் பதக்கங்களைவிட என் மனத்தைக் கவர்வது, ஓட்டமே அறியாத நடுப்பிராயத்தினரையும் அவர் ஆக்லாந்தில் கூட்டிவைத்து மெல்லோட்டம் பழக்கியதுதான். ஒலிம்பிக் வீரருக்கும் நமக்கும் ஒரே அஸ்திவாரம் என்று நம்பிய அந்த மனிதரை நான் ஆசாரியராகவே மதிக்கிறேன்.

நம் கடற்கரை நகரங்களில் அந்த நிதானம் இன்னும் அவசியமாகிறது. ஈரக்காற்றில் வியர்வை எளிதில் உலர்வதில்லை. உலராத வியர்வை தேகத்தின் உஷ்ணத்தைத் தணிப்பதில்லை. ஆகவே தசைகளுக்குப் போக வேண்டிய இரத்தத்தில் ஒரு பங்கைத் தோலுக்கும் அனுப்ப வேண்டியிருக்கிற இருதயம், குளிர் தேசத்தில் சுலபமாயிருக்கும் அதே வேகத்துக்கு இங்கே அதிகப் பிரயாசைப்படுகிறது. மேல்நாட்டுப் பயிற்சி அட்டவணையின் நிமிஷக் கணக்கை இங்கே அப்படியே கைக்கொள்வது, என் அபிப்பிராயத்தில், விவேகமாகாது. கிலோமீட்டருக்கு ஒன்பது நிமிஷமானாலும் ஆகட்டும். இடையிடையே நடந்தாலும் கௌரவக் குறைவில்லை.

ஐப்பசி கார்த்திகை மழை வேறு குறுக்கே நிற்குமாதலால், ஜனவரிப் பந்தயத்துக்கு ஆவணியிலேயே ஆரம்பித்து, வாரத்தில் நான்கு நாள் ஓடி, ஞாயிற்றுக்கிழமைத் தூரத்தை மட்டும் சிறுகச் சிறுக 18 கிலோமீட்டர் வரை உயர்த்திக்கொண்டால் போதும். அந்த ஞாயிறுகளில் கடிகாரத்தை வீட்டிலே வைத்துவிட்டு, உடன் ஓட ஒரு நண்பரை அழைத்துச் செல்லுங்கள். வழிநெடுக இருவரும் தடையின்றிப் பேசிக்கொண்டே வர முடிந்தால் அந்த வேகம் சரி, முடியாவிட்டால் குறைத்துக்கொள்ளுங்கள்.