யாருக்கு சீசன்?

சமீபத்தில் பள்ளிப்பட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். சாப்பிட்டுக் கை கழுவுகிற இடத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பையன் ஒருவர் பிடித்துக்கொண்டார். சென்னையில் சாஃப்ட்வேர் வேலை.

“சார், நீங்க பத்திரிகையில எழுதுறவர்தானே? ஒரு டவுட். மே மாசம் ஃபேமிலியோட கென்யா போறோம். சிங்கம், சிறுத்தையெல்லாம் நல்லாத் தெரியும்ல?”

“மே மாசமா? ஏன்?”

“பசங்களுக்கு அப்பத்தானே சார் லீவு. டிராவல்ஸ்காரர் ஆஃபர் வேற குடுத்திருக்கார்.”

ஆஃபருக்குக் காரணம் டிராவல்ஸ்காரரின் தாராள மனசு இல்லை. கென்யாவில் மார்ச் முதல் மே வரை பெருமழைக் காலம். மண் பாதை சேறாகி ஜீப் சிக்கிக்கொள்ளும். சில விடுதிகளைப் பூட்டியே வைத்துவிடுவார்கள். புல் மண்டிக் கிடக்கும். பத்தடி தூரத்தில் சிங்கம் படுத்திருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. எங்கு பார்த்தாலும் தண்ணீர் இருப்பதால், மிருகங்கள் ஒரே குட்டையைத் தேடி வந்து நிற்க வேண்டிய அவசியமும் இல்லை. டி.வி.யில் நாம் வாயைப் பிளந்து பார்ப்போமே, லட்சக்கணக்கில் வில்டபீஸ்ட் கூட்டம் மாரா ஆற்றில் விழுந்து கடப்பதை, அது பெரும்பாலும் ஜூலையிலிருந்து அக்டோபருக்குள் நடக்கிற விஷயம். அதே கூட்டம் குட்டி போடுவது பிப்ரவரி வாக்கில், தான்சானியாவில், செரங்கெட்டியின் தெற்குப் புல்வெளியில். இரண்டுமே மே மாதத்தில் கிடையாது.

சொன்னேன். பையன் முகம் வாடிவிட்டது. பிறகு சிரித்தார். “என்ன சார் பண்றது? எங்க ஸ்கூல் லீவைப் பாத்து வாங்கன்னு சிங்கத்துக்கிட்ட சொல்லவா முடியும்?”

நானும் சிரித்தேன். ஆனால், திருத்தணி பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தால் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷமாக நாம் அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறோம்? கென்யாவை விடுங்கள். நம்ம ஊரில்?

பள்ளிப்பட்டு, திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்கு மூலை. சீசன் என்றால் என்ன என்று அந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழை வலுத்து, ஆந்திராவில் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்துவிட்டால் கொசஸ்தலையில் வெள்ளம் வரும், தரைப்பாலங்கள் முழுகும், கிராமங்கள் துண்டாகும். அதே மழைதான் மாவட்டத்தின் கிழக்கு மூலையில் பழவேற்காடு ஏரியை நிரப்புகிறது. இந்தியாவின் உப்பங்கழி ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்து இதுதான் பெரிது. அங்கே மழை நின்று, தண்ணீர் மெல்ல வடிந்து, நீண்ட கால்களால் நடக்கிற அளவுக்கு ஆழம் குறைந்ததும் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் இறங்கும். தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அலகால் சேற்றுத் தண்ணீரை வடிகட்டிச் சாப்பிடும். ஜனவரி, பிப்ரவரியில் போய்ப் பாருங்கள். தூரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரியும். கோடு நகரும்.

இதே பூநாரையைப் பார்க்கக் கென்யாவில் நகுரு ஏரிக்கு லட்சங்கள் செலவழித்துப் போகிறவர்கள் உண்டு. போகட்டும், அவர்கள் காசு. ஆனால், பள்ளிப்பட்டு அரசுப் பள்ளியில் படிக்கும் ஒரு பெண், அதே மாவட்டத்தில் இருக்கும் இந்தப் பறவையை எப்போது பார்ப்பாள்?

கணக்குப் போடுங்கள். டிசம்பரில் பறவை வரும்போது அரையாண்டுப் பரீட்சை. பிப்ரவரியில் ரிவிஷன். மார்ச்சில் பொதுப் பரீட்சை. ‘வலசை போகும் பறவைகள்’ என்று பாடத்தில் கோடிட்ட இடத்தை நிரப்பி முடித்துவிட்டு அவள் நிமிர்ந்து பார்க்கும்போது மே மாதம். பூநாரை பெரும்பாலும் கிளம்பிப் போயிருக்கும். வேடந்தாங்கலிலும் ஏரி வற்றி, மரங்கள் காலியாக நிற்கும். பள்ளிக்கூடம் கூட்டிப்போகிற ‘கல்விச் சுற்றுலா’ எங்கே போகிறது? தண்ணீரில் சறுக்கி விளையாடும் பார்க்குக்கு. இதில் கல்வி எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

மே மாத வெயிலில் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் அடைத்து வை என்று நான் சொல்லவில்லை. லீவு அப்போதே இருக்கட்டும். ஆனால், அந்த லீவில் மொத்தத் தமிழ்நாடும் ஒரே நேரத்தில் மலையேறியாக வேண்டுமா? முதுமலை காய்ந்து, யானை தண்ணீருக்கு அலைகிற கோடையில்தான் ஊட்டி ரோட்டில் கார் வரிசை கட்டுகிறது. கடைசியில் உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கொண்டுவர வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரலில் நீலகிரிக்கு சாதாரண நாளில் 6,000, சனி ஞாயிறில் 8,000 என்று வண்டிகளுக்கே உச்சவரம்பு போட்டார்கள். நமக்காகத் தோன்ற வேண்டிய புத்தியை நீதிபதிகள் உத்தரவாகப் போட்டுத் தர வேண்டியிருக்கிறது.

காலண்டரைப் பார்த்து மட்டும் கிளம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு தேதிகள் சொல்கிறேன்.

2018 மார்ச் 11. ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீ. மலையேறப் போனவர்களில் 23 பேர் இறந்தார்கள். பலர் சின்ன வயசுக்காரர்கள், வேலை பார்க்கிற பெண்கள். வார இறுதி கிடைத்தது, கிளம்பினார்கள். அவர்கள்மேல் தப்பு சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மார்ச்சில் அந்த மலைப் புல் எப்படிக் காய்ந்திருக்கும், எப்படிப் பற்றும் என்று தெரிந்தவர்கள் தடுத்திருக்க வேண்டாமா?

2011 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் லீவு. பழவேற்காட்டில் சுற்றிப் பார்க்கப் போனவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். குழந்தைகளும் உண்டு. அதற்குப் பிறகு அங்கே உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை போட்டார்கள். தடை போட்டும், லீவு நாளில் கரையில் நின்று “போட் கிடைக்குமா? எவ்வளவு?” என்று கேட்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு கும்பல் நச்சரித்துவிட்டுப் போனபின், வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் சொன்னார்: “நாங்க காத்தப் பாத்துப் போறோம். இவங்க லீவப் பாத்து வராங்க.”

அந்த மீனவர்களுக்கு ஏரியில் யார், எங்கே, எந்த நாளில் வலை போடலாம் என்பதற்குத் தலைமுறை தலைமுறையாக ‘பாடு’ என்று ஒரு முறை இருக்கிறது. ஏரிக்கும் ஒரு முறை உண்டு என்பது அவர்களுக்குத் தெரியும். நமக்கோ, டிக்கெட் வாங்கியாச்சு, பறவை எழுந்து பறக்க வேண்டும். கைதட்டுவார்கள், கத்துவார்கள், கல்லெறிகிற மகானுபாவர்களும் உண்டு. கூட்டமாகப் பறந்தால் போட்டோ நன்றாக வரும். ஒவ்வொரு முறை அப்படிக் கிளப்பிவிடும்போதும், அந்தப் பறவை நீண்ட பயணத்துக்காகத் தின்று சேர்த்த கொழுப்பில் கொஞ்சம் கரைகிறது என்பது போட்டோவில் தெரியாது.

“அப்ப பாமர ஜனங்க எதையுமே பாக்கக் கூடாதா? கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஷிஃப்ட் பாக்குறவன் லீவு கிடைக்கிற அன்னிக்குத்தானே வர முடியும்?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. என் சண்டை அவரோடு இல்லை. அவருக்கு ஜனவரியில் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு தராத முதலாளியோடு, டிசம்பர் முழுக்க ஸ்பெஷல் கிளாஸ் வைக்கிற பள்ளிக்கூடத்தோடு, மழைக்காலக் காட்டை ‘சூப்பர் ஆஃபர்’ என்று விற்கிற டிராவல்ஸ்காரரோடு.

மாற்றவே முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். வேடந்தாங்கல் ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பறவைகள் கூடு கட்ட வரும் நேரம் அது. 1798-லேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம், யாரும் பறவைகளைச் சுடக் கூடாது என்று எழுதி வாங்கியவர்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்ற கணக்கும் அதில் உண்டுதான். இருக்கட்டுமே! ஒரு கிராமம் தன் பண்டிகையையே பறவைக்காக மாற்றிக்கொண்டது. ஓர் அரசாங்கத்தால் ஒரு டெஸ்ட்டைத் தள்ளி வைக்க முடியாதா? திருவள்ளூர் மாவட்டப் பிள்ளைகளை வகுப்பு வகுப்பாக, ஜனவரி கடைசியில், சாதாரண வேலை நாளில், பழவேற்காட்டுக் கரைக்குக் கூட்டிப்போக எத்தனை பஸ் ஆகிவிடும்? படகு வேண்டாம். பத்துப் பேருக்கு ஒரு பைனாகுலர் போதும்.

ஒரு வாரம் கழித்து அந்தக் கல்யாண வீட்டுப் பையன் போன் செய்தார். “சார், கென்யாவை ஜூலைக்கு மாத்திட்டேன். ஸ்கூல்ல லீவு லெட்டர் குடுத்துக்கலாம்.”

சந்தோஷமாக இருந்தது. அதற்கு முன்னால் ஜனவரியில் ஒரு நாள் பழவேற்காடு போய்விட்டு வாருங்கள், காலையில் சீக்கிரம் கிளம்புங்கள், கரையிலேயே நின்று பாருங்கள் என்று வழியெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“கண்டிப்பா சார். அங்க ஏசி ரூம் கிடைக்குமா?”