கூரைக்குக் கடன் எடுக்கலாமா?



மாரிக்கு முன் கூரையைத் திருத்தவேண்டும், கையில் காசில்லை. இரணைமடுப் பக்கத்தில் பல வீடுகளில் இதுதான் கவலை.

2012 முதல் இந்திய வீட்டுத்திட்டத்தில் புதிய வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாவும், திருத்தத்துக்கு இரண்டரை இலட்சமும் கிடைத்தன. அது போதாமல் மிச்ச வேலைக்குப் பலர் கடன்பட்டனர். நுண்கடன் சுமை பெருகியதால், 2018 இல் வறட்சி மாவட்டப் பெண்களின் ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நிலுவைக் கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசே முன்வந்தது.

ஆகவே, கையெழுத்து வைப்பதற்கு முன் இரண்டு விடயங்களைக் கேளுங்கள்.

தவணை எப்போது? வயலை நம்பிய வீட்டுக்குக் காசு வருவது காலபோக அறுவடைக்குப் பிறகு. கிழமைக்குக் கிழமை கட்டுவதென்றால் இன்னொரு கடன்தான் எடுக்கவேண்டிவரும்.

வட்டி எதற்கு? கட்டக் கட்டக் குறையும் மீதிக்கா, எடுத்த முழுத்தொகைக்கா? முழுத்தொகைக்கென்றால், அவர்கள் சொல்லும் வீதம் உண்மையில் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

ஒழுக்கை அடைப்பது அவசியம். சுவர்ப் பூச்சும் நிலத்துக்கு மாபிளும் அடுத்த போகம்வரை பொறுக்கும். அவசியமானதற்கு மட்டும், முதலில் உங்கள் ஊர்ச் சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்தில் விசாரியுங்கள்.

குழுக்கடனில் உங்களுக்குப் பிணை நிற்பவர் பக்கத்து வீட்டு அக்கா. நீங்கள் தவறினால் அவரும் கட்டவேண்டும். அதையும் நினைத்து முடிவெடுங்கள்.